மகளை ஏர் கேடட்ஸில் சேர்க்கலாமா?

கேள்வி:
லண்டனில் இருக்கிறோம். மகள் இயர் 8 (12-13 வயது வகுப்பு). பிரித்தானிய விமானப்படையின் இளையோர் அமைப்பான ஆர்.ஏ.எஃப். ஏர் கேடட்ஸில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பிற்காலத்தில் படையில் சேரச் சொல்லி நெருக்குவார்களா? ஊரில் பட்டதால் அம்மம்மாவுக்குச் சீருடை என்றாலே பயம். உண்மையிலேயே விமானத்தில் ஏற்றுவார்களா?

பதில் 1:
அம்மம்மாவின் பயம் நியாயமானது, பொறுமையாக விளக்குங்கள். 1941 பெப்ரவரியில், போர் நடுவே, விமானப்படைக்கு இளைஞர்களைத் தயார்செய்யத்தான் ஏர் கேடட்ஸின் முக்கியப் பிரிவான ஏர் டிரெய்னிங் கோர் தொடங்கியது. இன்றும் செலவில் பெரும்பங்கு பாதுகாப்பு அமைச்சினுடையது. ஆனால் கேடட் படைவீரர் அல்ல, படையில் சேரும் கட்டாயமும் இல்லை, பிடிக்கவில்லையென்றால் விலகிவிடலாம்.

பதில் 2:
ஏற்றுவார்கள் அக்கா! என் மகன் போனது குரோப் டியூட்டர் என்ற சின்னப் பயிற்சி விமானம், இரண்டு இருக்கை அருகருகே. முதலில் பாதுகாப்பு வீடியோ, அப்புறம் ஹெல்மெட், பாராசூட் எல்லாம் மாட்டி, மேலே போனதும் விமானி கொஞ்ச நேரம் கட்டுப்பாட்டுக் கம்பியை அவனிடமே கொடுத்திருக்கிறார். ஆனால் வானிலை சரியில்லையென்றால் ரத்துதான், முறை வர மாதக்கணக்கில்கூட ஆகும், அதை முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
வாரத்தில் இரண்டு மாலை போகவேண்டும், டியூஷனோடு மோதாமல் பாருங்கள். சீருடை அங்கேயே தருவார்கள், சப்பாத்து பெரும்பாலும் நாம்தான் வாங்கவேண்டும், மாதச் சந்தாவும் உண்டு. இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதையும் (டி.ஆஃப்.இ.) இங்கேயே செய்யலாம். சில ஸ்குவாட்ரன்களில் (உள்ளூர்க் கிளைகளில்) காத்திருப்போர் பட்டியல் இருக்கும், இப்போதே எழுதிப் போடுங்கள்.