மூன்றாவது முறையாக முழங்கை வலி: ஓய்வா, எடையா?

கரிகாலன்86:
வலது முழங்கையின் உட்பக்கம், துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை ஒட்டி வலி. இது மூன்றாவது தடவை. புல்-அப்பும் நேர்க்கம்பி கர்லும்தான் (கம்பியைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்குவது) கிளப்பிவிடுகின்றன. போன தடவை ஆறு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை, சுத்தமாகப் போய்விட்டது. திரும்பிப் போய் இரண்டாவது வாரமே மறுபடி ஆரம்பம். நேற்று ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. என்ன செய்யலாம்?

பழைய பஸ்கி:
தம்பி, நரம்பு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் எந்த மூலைக்கு? மூன்று மாதம் கம்பியையே தொடாதீர்கள். நாங்கள் கர்லாக்கட்டை சுற்றிய காலத்தில் ஒருவருக்கும் முழங்கை வலி வந்ததில்லை.

மலர் பிசியோ:
வலி வந்தவர்கள் கர்லாவை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் ஐயா, உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். அப்புறம், அது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போடு கட்டும் நார். சும்மா வைத்திருந்தால் வலி அடங்கும், ஆனால் நாரின் தாங்கும் திறனும் குறையும். இவர் திரும்பி வந்து பழைய எடையையே தூக்கியிருப்பார். சரிதானே கரிகாலன்?

கரிகாலன்86:
முதல் நாளே பழைய எடைதான். ஒரு செட் கூடவே போட்டேன்.

விடாக்கண்டன்:
இவ்வளவு பேச்சு எதற்கு? எனக்கு வெளிப்பக்கம் இதே வலி. ஸ்டீராய்டு ஊசி ஒன்று, நான்கே நாளில் டெட்லிஃப்ட், தரையிலிருந்து கனமான கம்பியையே தூக்கினேன்.

மலர் பிசியோ:
எத்தனை மாதம் ஆகிறது?

விடாக்கண்டன்:
ஐந்து வாரம்.

மலர் பிசியோ:
அதுதான் ஊசியின் தேனிலவுக் காலம். வெளிப்பக்க வலிக்காரர்கள் 165 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஓராண்டுக்குள் வலி திரும்பியது ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான்.

விடாக்கண்டன்:
அது வெளிப்பக்கம் மேடம். இவருக்கு உட்பக்கம். ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குத் தீர்ப்பு சொல்லலாமா?

மலர் பிசியோ:
நியாயம், அதே எண்ணிக்கையை இங்கே ஒட்ட முடியாது. ஆனால் உட்பக்க ஊசியில் இன்னொரு வம்பு உண்டு: அந்த எலும்புக்குப் பின்னாலேயே, சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு ஓடுகிறது.

கரிகாலன், புல்-அப்பையும் நேர்க்கம்பியையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். டம்பெல்லைச் சுத்தியல் பிடிப்பில், கட்டைவிரல் மேலே பார்க்கப் பிடித்து கர்ல் செய்யுங்கள். அதோடு, முன்கையைத் தொடைமேல் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, 2 கிலோ டம்பெல். மறுகையால் மேலே ஏற்றிவிட்டு, மூன்று நான்கு எண்ணும் வரை மெதுவாக மணிக்கட்டை இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. அப்படி அடங்கினால் எடையைக் கூட்டுங்கள், இல்லையென்றால் குறையுங்கள். மாதக்கணக்கில் ஆகும்.

பழைய பஸ்கி:
வலிக்கிற கையை மேலும் வலிக்க வைப்பது என்ன வைத்தியமோ! புண்ணைச் சொறிந்தால் ஆறுமா?

மலர் பிசியோ:
இது புண் இல்லையே ஐயா. நாள்பட்ட தசைநாண் வலியில் வீக்கத்தைவிட நார்ச் சிதைவுதான் பெரிய பங்கு. இழுவிசை பட்டால்தான் நார் மறுபடி உரமேறும். கரிகாலன், கேட்க விட்டுப்போனது: சுண்டுவிரல் மரத்துப்போகிறதா?

கரிகாலன்86:
ராத்திரி போனைக் காதில் வைத்துப் பேசினால் சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் மரத்துவிடும். போன் வெயிட் என்று நினைத்தேன்.

மலர் பிசியோ:
அப்படியானால் நான் சொன்ன பயிற்சியை நிறுத்தி வையுங்கள். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கை மடங்கும்போது அல்நார் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய பஸ்கி:
நான் முதல் வரியிலேயே நரம்பு என்றுதானே சொன்னேன்?