புதுப்பிப்பு: 30 நாளில் 150 சங்கீதங்கள்

தேதி எண்ணோடு 30, 60, 90, 120 கூட்டி அந்த எண்ணுள்ள ஐந்து சங்கீதங்களை (வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்கள்) தினம் வாசிக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். 1ஆம் தேதி என்றால் 1, 31, 61, 91, 121. வந்த கேள்விகளை வைத்துச் சில திருத்தங்கள்.

பலரும் நின்றுபோவது 29ஆம் தேதியில். அன்றைக்கு 119 வருகிறது, 176 வசனம். கூடவே 52 வசனமுள்ள 89 வேறு. 119ஐ அன்று விட்டுவிடுங்கள். 31ஆம் தேதி இருக்கும் மாதத்தில் அன்று அதை மட்டும் வாசிக்கலாம். இல்லாத மாதத்தில், எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள் இருப்பதால், நாளுக்கு ஒரு பகுதி போதும்.

தவறவிட்ட நாளுக்கு ஈடுகட்ட வேண்டாம். பத்து சங்கீதத்தை ஒரே மூச்சில் ஓட்டினால் அது ஜெபமில்லை, பாக்கி அடைப்பு. இன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள். விட்டது அடுத்த மாதம் வரும்.

சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். வசனத்தின் நடுவில் ஒரு மூச்சு நிறுத்தினால், முதல் பாதியை இரண்டாம் பாதி எப்படித் திருப்பிச் சொல்கிறது என்பது காதில் விழும்.

88 இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரியே கிடையாது. 109இன் நடுப்பகுதி முழுக்கச் சாபம். இவற்றைத் தாண்டாதீர்கள், மனக்கசப்பையும் கடவுளிடமே கொட்டலாம் என்று காட்டுபவை இவைதான். 88 வரும் 28ஆம் தேதியிலேயே 118, 148 என்ற துதிகளும் வருகின்றன.

பழைய கத்தோலிக்கப் பதிப்பு வைத்திருப்போர் கவனிக்க: 10 முதல் 147 வரை பெரும்பாலும் எண் ஒன்று குறைவாக இருக்கும். மேய்ப்பர் சங்கீதம் (23) அதில் 22.