கோவிட் சிகிச்சைப் பட்டியல் மாறிக்கொண்டே இருந்ததே, எதை நம்புவது?

வைகைக்கரை (கேள்வி)

2020-21ல் மத்திய அரசின் கோவிட் சிகிச்சை வழிகாட்டியில் எச்.சி.க்யூ. (மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின்), ஐவர்மெக்டின் (குடற்புழு, ஒட்டுண்ணி மருந்து), பிளாஸ்மா (குணமானவரின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றும் திரவம்) எல்லாமே இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் கால்கடுக்க நின்றார்கள். அந்த மருந்து உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. இன்றைக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எதைச் சொன்னாலும் "நாளைக்கு மாத்துவாங்க" என்கிறார்கள். முதலில் சேர்த்தது தப்பா, பிறகு மாற்றியது தப்பா? மருந்து வாரியாக விளக்க முடியுமா?

தாமரைக்குளம்

மாற்றியது தப்பில்லை. ஆறப்போட்டு மாற்றியதும், காரணத்தை வழிகாட்டியிலேயே எழுதி வைக்காததும்தான் தப்பு.

பிளாஸ்மாவைப் பாருங்கள். ஐசிஎம்ஆரே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து பிளாசிட் என்ற பிளாஸ்மா ஆய்வை நடத்தியது. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள்: பிளாஸ்மா ஏற்றியவர்களில் 19%, ஏற்றாதவர்களில் 18%. 2020 அக்டோபரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முழுக் கட்டுரையும் வந்துவிட்டது. ஆனால் வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீங்கியது 2021 மே 17ல். நடுவில் ஏழு மாதம், அதில்தான் இரண்டாம் அலையின் உச்சமும் வந்தது. படுக்கைக்கு அலைய வேண்டிய நேரத்தில் குடும்பங்கள் ரத்த வகை பொருந்தும் கொடையாளரைத் தேடி வாட்ஸ்அப்பில் மன்றாடின. சொந்த ஆய்வின் முடிவு கையில் இருக்கும்போது இதை நடக்கவிட்டதற்கு எந்தச் சமாதானமும் போதாது.

எச்.சி.க்யூ. கதை வேறு. 2020 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பாகப் பரிந்துரைத்தார்கள்: முதல் நாள் 400 மி.கி. இரண்டு வேளை, பிறகு வாரம் ஒருமுறை 400 மி.கி. அப்போது கையில் இருந்தது பெரும்பாலும் ஆய்வகச் சான்றுதான். ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. இறுதிக் கணக்கின்படி, மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 27%, எடுக்காதவர்களில் 25%. பயன் இல்லை என்பது அதிலேயே தெளிவு. ஆனால் இங்கே லேசான நோய்க்கான பட்டியலிலிருந்து எச்.சி.க்யூ.வையும் ஐவர்மெக்டினையும் ஐசிஎம்ஆர் எடுத்தது 2021 செப்டம்பரில்.

மாத்திரைச்சீட்டு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 2021 ஏப்ரல் வழிகாட்டியில் அந்த இரண்டு மருந்தும் "கொடுக்கலாம்" என்ற தலைப்பின் கீழ்தான் இருந்தன, சான்றின் உறுதி குறைவு என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பு சீட்டு எழுதும் இடத்துக்கு வந்து சேரவே இல்லை. ஐவர்மெக்டின், டாக்ஸி (டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்), ஜிங்க், வைட்டமின் சி என்று ஒரு கிட்டாகவே கடைகளில் போனது. "கொடுக்கலாம்" என்பது மக்களுக்கு "கட்டாயம்" என்றே போய்ச் சேர்ந்தது.

ரெம்டெசிவிரும் அப்படித்தான். முதல் நாள் 200 மி.கி., அடுத்த நான்கு நாளும் 100 மி.கி., ஆக ஆறு குப்பி. அறிகுறி தொடங்கி பத்து நாளுக்குள், ஆக்சிஜன் தேவைப்படுகிற உள்நோயாளிக்கு மட்டும். ஆறு குப்பிக்கான சீட்டைக் கையில் கொடுத்து வெளியே வாங்கி வரச்சொன்னதால், அது இல்லாவிட்டால் ஆள் பிழைக்காது என்று குடும்பங்கள் நம்பின. கள்ளச்சந்தைக்கு வழி திறந்தது அந்தச் சீட்டுதான்.

கொல்லிமலை

எல்லாமே மருந்துக் கம்பெனிகளின் வேலை. இதில் நம்ப என்ன இருக்கிறது?

தாமரைக்குளம்

கம்பெனிகளுக்கு லாப நோக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது, நண்பரே. இந்த நோயில் உயிரைக் காத்ததாக முதலில் நிரூபணமானது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. காப்புரிமை இல்லாத, அடிமாட்டு விலை மருந்து. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41%லிருந்து 29%க்கு இறங்கியது. விலையுயர்ந்த ரெம்டெசிவிரை வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனம், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே மூன்று நாள் கொடுத்தால் மருத்துவமனை சேர்க்கை குறைகிறது என்று புதிய ஆய்வு வந்ததும் 2022ல் அந்தப் பிரிவினருக்குப் பரிந்துரைத்தது. கம்பெனிக்காக என்றால் 2020ல் வேண்டாம் என்று சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

மாத்திரைச்சீட்டு

டெக்ஸாவைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். அதன் அளவு தினம் 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள், ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு மட்டும். அதே ரெகவரி ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தெரியவில்லை, இறப்பு 17.8%, மருந்து எடுக்காதவர்களில் 14%. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும், சர்க்கரையை ஏற்றும். 2021ல் கரும்பூஞ்சை அத்தனை பேரைப் பிடித்ததில் கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு தேவையில்லாத ஸ்டீராய்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

வைகைக்கரை, அடுத்த முறை வழிகாட்டி வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு மருந்து "கொடுக்க வேண்டும்" என்பதில் இருக்கிறதா, "கொடுக்கலாம்" என்பதிலா என்று பாருங்கள். எந்த ரத்த ஆக்சிஜன் அளவுக்கு (சதவீதத்தில்) என்பது அடுத்து: 94 அல்லது அதற்கு மேல் லேசானது, 90 முதல் 93 வரை மிதமானது, 90க்குக் கீழே தீவிரம். உங்கள் வீட்டு நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, "இந்த மருந்து இந்தக் கட்டத்துக்கு உரியதா?" என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

வைகைக்கரை

மிக்க நன்றி. பிளாஸ்மா தாமதத்துக்கு ஐசிஎம்ஆர் எழுத்துப்பூர்வமாகக் காரணம் வைத்திருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். மனு வாசகத்தை இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.