மாசச் சாமான், வாரச் சமையல்: உங்க வீட்டில் எப்படி?

மாடிவீடு:
சாமான் வாங்கி அடுக்குறது வேற, ஆபத்துக்கு அது கைகொடுக்குறது வேற. 2015 டிசம்பர்ல வேளச்சேரியில் இருந்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். டிசம்பர் 1 அடிச்ச மழையில் தெருவே ஏரி ஆயிடுச்சு. நாங்க ரெண்டாவது மாடி, வீட்டுக்குள்ள தண்ணி வரலை. ஆனா கரண்ட் இல்லை, மோட்டார் ஓடலை, போனும் போச்சு. மாசச் சாமான் அப்பத்தான் வந்து டப்பா எல்லாம் கழுத்து வரைக்கும் இருந்தது.

இருந்து என்ன செய்ய? துவரம்பருப்பைக் கழுவவும் வேகவைக்கவும் தண்ணி வேணும். தேங்காய் இருக்கு, அரைக்க மிக்ஸி ஓடாது. மேல்தொட்டியில் மிச்சம் இருந்த தண்ணியை எல்லா வீட்டுக்கும் குடக்கணக்கில் பங்கு போட்டுக்கிட்டோம். முதல்ல காலி பண்ணினது ஃப்ரிட்ஜ்ல இருந்த தோசை மாவு. பொங்கி வழிய ஆரம்பிச்சதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு ஊத்திக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் காப்பாத்தினது அவல்தான். புளித்தண்ணியைத் தெளிச்சுப் பிசறி வச்சு, ஒரே வாணலியில் தாளிச்சுக் கிளறினா சாப்பாடு முடிஞ்சது. கழுவ ஒரே பாத்திரம்! பால் பாக்கெட் கண்ட விலைக்கு வித்துச்சு, அதனால பால் பவுடர் காபிதான். தொட்டுக்க நார்த்தங்காய், மோர்மிளகாய்.

இப்ப ஐப்பசி பிறந்தாலே தண்ணியும் கரண்டும் அதிகம் கேட்காத சாமானைத் தனியா எடுத்து வச்சிடுவேன். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பால் பவுடர், பருப்புப்பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். பொங்கல் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சமைச்சுத் தீர்த்துட்டுத்தான் மறு வேலை. இல்லைன்னா வண்டுக்குத்தான் விருந்து.

கல்சட்டி:
வண்டுன்னதும் ஞாபகம் வருது. நாங்க விருதுநகர் பக்கம். எங்க மாமியார் வருஷச் சாமான் போடுறவங்க. மாசி பங்குனியில் புதுப்புளி வந்ததும் ஓடு, நார், கொட்டை எல்லாம் எடுத்து வெயில்ல காயவச்சு, சாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்புன்னு அமுக்கி வைப்பாங்க. பித்தளையிலோ தகர டப்பாவிலோ போட விடமாட்டாங்க, புளி அரிச்சிடும். மிளகாயைக் காம்போடதான் காயப்போடணும். காய்ஞ்சிடுச்சான்னு பார்க்க ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டுவாங்க. உள்ளே விதை கலகலன்னு சத்தம் போட்டாத்தான் மூட்டை கட்டலாம். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஒரு வெயில். ரவையைக் கடையிலிருந்து வந்த அன்னிக்கே வறுத்து ஆறவச்சு டப்பாவில் போட்டுடணும்.

சொந்த வீடு, மொட்டை மாடி இருக்கிறவங்களுக்கு இது சரிப்படும். ஃப்ளாட்டில் இருந்துக்கிட்டு வருஷப் புளி வாங்குறதெல்லாம் வீண் வேலைன்னுதான் நான் சொல்வேன்.

ராத்திரி ஷிப்ட்:
கோயம்புத்தூர். நானும் வீட்டம்மாவும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம், சமையல்ல பாதி என் பொறுப்பு. மெனு எழுதி ஒட்டுறதில் எனக்கு நம்பிக்கை இல்லைங்க. வாரத்தை நடத்துறது மாவுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிரைண்டர் ஓடும். திங்கள் இட்லி, செவ்வாயும் இட்லியே, புதன் தோசை. வியாழக்கிழமை புளிப்பு ஏறிடும், வெங்காயம் பச்சைமிளகாய் தூக்கலாப் போட்டு ஊத்தப்பம். அடியில் நிக்கிறது வெள்ளிக்கிழமை பணியாரம்.

மத்தியானச் சமையலைக் காய் பார்த்துக்கும். ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை. கீரை வாங்கினா அன்னிக்கே கடையணும். வெண்டையும் கத்திரியும் அடுத்த ரெண்டு நாள். முருங்கைக்காய் அதுக்குப் பிறகு. சேனை, பூசணிக்கு வாரக்கடைசி வரை அவசரமில்லை. எது முதல்ல வாடுமோ அதுதான் அன்னைக்குக் குழம்பு. பையனுக்குப் பூசணி பிடிக்காது. அவன் வாரக்கடைசியைப் பயத்தோடதான் எதிர்பார்ப்பான்.

அட்டைக்காரி:
எங்க லிஸ்ட்டு ரேஷனுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. இது ரெண்டும் கைக்கு வந்த பிறகுதான் மளிகைக் கடையில் எவ்வளவு வாங்கணும்னு முடிவு பண்ணுவேன். அப்பளம், வடகம் பொரிக்கப் பாமாயில் போதும். புளிக்குழம்புக்கு மட்டும் நல்லெண்ணெய், அதுல கை வைக்கிறதில்லை. கல்சட்டி அக்கா, ஒரு சந்தேகம். விளக்கெண்ணெய் தடவின பருப்பில் சாம்பார் வச்சா வாடை அடிக்காதா?

கல்சட்டி:
அடிக்காதும்மா. வெதுவெதுப்பான தண்ணியில் ரெண்டு தரம் அலசிட்டுப் போடு. இங்கே பருப்பு சீக்கிரம் வேகணும்னு கொதிக்கிற தண்ணியிலேயே ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுறவங்க இருக்காங்க. ரேஷன் பருப்பை மட்டும் தடவுறதுக்கு முன்னாடி ஒரு தரம் முறத்தில் புடைச்சுக்கோ, கல் கிடந்தா தெரிஞ்சிடும்.