முதல் கவிதை அச்சில் வந்த கதை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

அது ஒரு சிறுபத்திரிகை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்று கேள்விப்பட்டிருந்ததால், அனுப்பிவிட்டு அடுத்த கவிதையில் இறங்கியிருந்தேன். ஒருநாள் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல். ஏற்றுக்கொண்டோம் என்றும் இல்லை, வருந்துகிறோம் என்றும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: "உங்கள் ஆறாவது வரி எங்கள் பத்தி அகலத்துக்குள் அடங்கவில்லை. தானாக மடியவிட்டால் கடைசிச் சொல் மட்டும் கீழே தனியாக விழும். அது உங்களுக்குச் சம்மதமா, நீங்களே முறித்துத் தருகிறீர்களா?"

வரி இது: 'அழைத்த குரல் இருக்கிறது வாசலில் ஆள் இல்லை.' மடிந்தால் 'இல்லை' தனித்து நிற்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். தனியாக நின்றால் அந்தச் சொல் ஒப்பாரி வைப்பதுபோல ஒலித்தது. எனக்கு வேண்டியது சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் தொனி. 'இருக்கிறது'க்குப் பிறகு முறித்து, 'வாசலில் ஆள் இல்லை' என்பதை ஒரே வரியாக்கி அனுப்பினேன். அப்படியே வந்தது.

சன்மானம் கிடையாது, இரண்டு பிரதிகள்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் என் ஆறாவது வரிக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அச்சில் பெயர் பார்த்த சந்தோஷத்தைவிட அதுதான் எனக்குப் பெரிது.

*

கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்கு நடந்தது நேர்மாறு.

தொகுப்பு நூலில் இடம்பெற வாய்ப்பு, சான்றிதழ் உண்டு, பட்டமும் உண்டு என்று ஓர் அறிவிப்பு. பங்கேற்புக் கட்டணம் கட்டினேன். 'தேர்வாகியிருக்கிறது' என்று மறுநாளே பதில். புத்தகம் வந்தபோது என் கவிதையின் இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் இடம் மாறியிருந்தன. பக்கத்துப் பக்கக் கவிஞரின் பெயர் என் கவிதைக்கு மேலே இருந்தது. கேட்டதற்கு, அடுத்த தொகுப்பில் சேருங்கள், அதில் சரியாகப் போடுகிறோம் என்றார்கள். அதற்கும் கட்டணம்!

காசைவிட எனக்கு ஆறாதது வேறு. அந்தக் கவிதையை அங்கே ஒருவர்கூடப் படிக்கவில்லை. படித்திருந்தால் பத்தி மாறியது கண்ணில் பட்டிருக்கும். இப்போது புதிதாக எழுதும் தம்பி தங்கைகள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: தேர்வு செய்வது யார் என்று கேளுங்கள், எதையாவது நிராகரித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் வாசிப்பே நடப்பதில்லை.

*

நான் மறுபக்கத்தில் இருப்பவன். ஓர் இணைய இதழுக்கு வரும் கவிதைகளை முதலில் படிப்பவர்களில் ஒருவன். மேலே எழுதிய தோழியின் கோபம் நியாயமானது.

படிக்கிற எங்களுக்கு உதவ நினைத்தால் சில காரியங்கள் செய்யலாம். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல நேரம் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறிவிடும். கவிதையில் அதைச் சரிசெய்வது ஆபத்து, எது உங்கள் உத்தேசம், எது சிதைவு என்று எங்களுக்குத் தெரியாது. யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு போதும். ஃபேஸ்புக்கில் போட்ட கவிதையைப் பல இதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகவே எடுத்துக்கொள்ளும், அனுப்ப நினைப்பதைப் பொதுவில் போடாமல் வைத்திருங்கள். ஒரே கவிதை பல இடத்துக்குப் போகக்கூடாது என்று விதி இருந்தால் மதியுங்கள். கவிதையின் பொருளைக் கடிதத்தில் விளக்கவே வேண்டாம்.

ஒரு வரியை மாற்றச் சொல்லும்போது எனக்கு எப்போதும் பயம் இருக்கும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். வாழ்ந்த காலத்தில் அச்சானவை பத்து அளவில்தான். 1886-இல் மறைந்தார். 1890-இல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பித்தவர்கள் அவருடைய நிறுத்தக்குறிகளை மாற்றினார்கள், சொற்களைக்கூடத் திருத்தினார்கள். கையெழுத்துப் பிரதியில் இருந்ததற்கு நெருக்கமான முழுத் தொகுப்பு வர 1955 ஆயிற்று. அவரிடம் கேட்க வழியில்லை. உங்களிடம் கேட்க வழியிருக்கிறது. அதனால்தான் கேட்டுவிட்டே மாற்றுகிறோம். கேட்காமல் மாற்றும் இதழுக்கு அடுத்த கவிதையைக் கொடுக்காதீர்கள்.

*

நாற்பது கவிதை சேர்ந்துவிட்டது, தொகுப்பு போடலாமா என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

தாராளமாகப் போடலாம், ஆனால் முதலில் அவற்றில் சில இதழ்களில் வரட்டும். பதிப்பாளர்கள் அதைப் பார்ப்பார்கள். அதைவிட, எந்தக் கவிதை அந்நியர் ஒருவரிடம் போய் நின்றது என்று உங்களுக்கே தெரியவரும். பிறகு எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரையில் பரப்பி, வரிசையை மாற்றி மாற்றிப் படியுங்கள். எனக்கு அந்தக் கட்டத்தில்தான் ஒரே காரியத்தைச் செய்யும் கவிதைகள் அடையாளம் தெரிந்தன. அவற்றில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டேன். புத்தகம் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் தொகுதிகளாக அச்சாகும், எனவே 64, 80 பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தில் பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, எத்தனை பிரதிகளை நீங்கள் வாங்க வேண்டும் என்கிறார்கள், இவை இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். மெய்ப்பை, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் வேலையை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். கடைசிப் பிரதியில் ஒவ்வொரு வரி முறிவையும் நீங்களே சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள், தம்பி.