அந்த 100 கோடி எதுக்குக் கட்டினாங்க?

கணக்குப்புலி
ரெண்டு நாளா ஒரு பதிவு சுத்திக்கிட்டு இருக்கு: "ஸ்டெர்லைட் தூத்துக்குடியை மாசாக்கியதை உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது." பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியலை. முற்போக்கு பேசுற நண்பர்களே, 2013 ஏப்ரல் 2 தீர்ப்பை உங்கள்ல ஒருத்தராவது முழுசாப் படிச்சிருக்கீங்களா? 2010 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னதை ரத்து பண்ணின தீர்ப்பு அது. ஆலை ஓடலாம்னு சொன்ன தீர்ப்பு. 100 கோடி கட்டச் சொன்னது அனுமதியைப் புதுப்பிக்காம ஓட்டினதுக்கு. எஃப்சி முடிஞ்ச வண்டியை ஓட்டினா அபராதம் போடுற மாதிரி. இதை ஊதி ஊதித்தான் ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு எடுத்த ஆலையைப் பூட்ட வச்சீங்க. நாட்டோட செம்பு உருக்குற திறன்ல ஏறத்தாழ 40 சதவீதம். அதுவரைக்கும் செம்பை ஏற்றுமதி பண்ணின நாடு 2018-19லேயே இறக்குமதிக்கு இறங்கிடுச்சு. இதுக்குப் பேர்தான் முற்போக்கா?

முத்துநகர்க்காரன்
எஃப்சி முடிஞ்ச வண்டியாவே? தீர்ப்புல அபராதம்ங்கிற சொல்லை எனக்குக் காட்டும் பார்ப்போம். அங்க இருக்கிறது இழப்பீடு. 1997ல இருந்து 2012 வரைக்கும் சுற்றுச்சூழலுக்குச் செஞ்ச கேட்டுக்கும், புதுப்பிக்காம ரொம்ப நாள் ஓட்டினதுக்கும்னு ரெண்டையும் சொல்லித்தான் நீதிபதிகள் பட்நாயக்கும் கோகலேவும் 100 கோடி போட்டாங்க. நீரிங்கிற மத்திய அரசு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 1998, 1999, 2003, 2005ல கொடுத்த அறிக்கையை எல்லாம் எடுத்து வச்சு, புகையும் கழிவுநீரும் அளவுக்கு மேலே போயிருக்குன்னு எழுதியிருக்காங்க. ஒரு கேள்விதான் கேக்கேன். இழப்பு இல்லாம இழப்பீடு எதுக்குவே?

கணக்குப்புலி
"ரெண்டையும்"னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி. அப்போ அனுமதி இல்லாம ஓட்டினதுக்கும் சேர்த்துத்தானே? அதைத்தான் நானும் சொன்னேன். அப்புறம் அதே தீர்ப்புல, நீரி 2011ல சொன்ன குறைகள்ல ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் சரிசெய்தாச்சுன்னும் இருக்கே, அதை ஏன் விழுங்கிட்டீங்க?

முத்துநகர்க்காரன்
நீர் "சேர்த்து"ன்னு சொல்லலவே. "அனுமதியைப் புதுப்பிக்காம ஓட்டினதுக்கு"ன்னு முற்றுப்புள்ளி வச்சீரு. மேலே போய் நீர் எழுதினதை நீரே வாசியும். ஒரு படி மேல சொல்லுதேன், கேட்டுக்கிடும். அனுமதி ஏன் புதுப்பிக்கலை? குமாஸ்தா லீவுல போனதாலயா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைகளைப் பார்த்துத்தான் சில காலம் புதுப்பிக்காம நிறுத்தி வச்சதுன்னு அதே பத்தியில இருக்கு. ஆக உம்ம எஃப்சி கதையும் சுத்தி வந்து மாசுலதான் முட்டுது. இழப்பு இல்லாம இழப்பீடு எதுக்கு?

செவ்வானம்
தோழர்களே, ரெண்டு பேரும் 100 கோடியிலேயே நிக்கிறீங்க. ஆலை யார் கையில இருக்குங்கிறதுதான் கேள்வி. செம்பு இல்லாம விவசாயி மோட்டார் ஓடாது, ஏழை வீட்டுல விளக்கு எரியாது. லண்டன்ல உட்கார்ந்திருக்கிற முதலாளிக்கு லாபம் போற வரைக்கும் அவன் வடிகட்டிக்குச் செலவு பண்ண மாட்டான். அரசு எடுத்து நடத்தட்டும். இந்துஸ்தான் காப்பர் பொதுத்துறைதானே? கேத்ரி, மலாஞ்ச்கண்ட் சுரங்கங்களை அதுதானே நடத்துது?

பனங்காடு
அரசு உருக்கினால் தாதுவில் உள்ள ஆர்சனிக் காணாமல் போய்விடுமா அண்ணா? ஒரு டன் செம்பு எடுத்தால் இரண்டு டன்னுக்கு மேல் கசடு வருகிறது. அதைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எப்போதும் ஏதோ ஒரு கிராமத்தின் ஓடைக்கரைதான். எண்ணூரில் கொசஸ்தலையாற்றில் கலக்கும் சாம்பல் தனியார் முதலாளியுடையதா? அரசு மின்வாரியத்துடையது. மீனவருக்கு இரண்டும் ஒன்றுதான். வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிவிட்டு மற்றதைப் பேசலாமே?

கணக்குப்புலி
வளர்ச்சி வேண்டாம்ங்கிறவங்க செல்போன்ல எழுதுறதை முதல்ல நிறுத்தட்டும். அதுக்குள்ள செம்பு இருக்கு. தூத்துக்குடி சில்லாநத்தத்துல 2025 ஆகஸ்ட் 4ல மின்கார் ஆலை திறந்தப்ப எல்லாரும் கைதட்டினீங்களே! பெட்ரோல் காரைவிட மின்காருக்கு மூணு நாலு மடங்கு செம்பு வேணும். அந்தச் செம்பு எங்கிருந்து வரும்? 2024 மார்ச்ல முந்த்ராவுல ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறன்ல செம்பாலை தொடங்கிட்டாங்க. தாஹேஜ்ல ஏற்கெனவே இருக்கு. வேலை, வரி, கந்தக அமிலம் எல்லாம் குஜராத்துக்குப் போச்சு. உங்களுக்கு மிஞ்சினது கோஷம்.

முத்துநகர்க்காரன்
குஜராத்துக்குப் போனதை ஒப்பாரி வைக்கீரு. எங்க ஊருக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லும். மகாராஷ்டிரா ரத்தினகிரியில மாந்தோப்பு விவசாயிகள் கூடி நின்னு 1993ல வேலையை நிறுத்தினாங்க. அவங்க வேண்டாம்னு தள்ளினதைத்தான் 1994ல இங்க அடிக்கல் போட்டு வச்சாங்க. அவங்களைத் தீவிரவாதின்னு யாரும் சொல்லலியே! நாங்க கேட்டா மட்டும் வெளிநாட்டுக் காசு, தூண்டிவிட்ட கூட்டம். 2018 மே 22, போராட்டத்தோட நூறாவது நாள், பனிமய மாதா கோயில் பக்கத்துல இருந்து கலெக்டர் ஆபீசுக்கு நடந்து போன சனத்துல பிள்ளை தூக்கின பொம்பளையாட்கள் எத்தனை பேருன்னு உமக்குத் தெரியுமா? துப்பாக்கிச் சூட்டுல 13 உசுரு. 17 வயசுப் பிள்ளை ஒண்ணு. இதை எழுதும்போது இப்பவும் கை நடுங்குது. நீர் 40 சதவீதம்னு சொல்லுதீரு.

சரி, கேள்விக்கு வாரும். 100 கோடி எதுக்கு?

மீளவிட்டான்_டிரைவர்
எல்லாரும் தீர்ப்பு படிக்கிறீங்க. நான் எட்டு வருசம் அங்க லோடு ஓட்டினவன். 2018 மார்ச் கடைசியில பராமரிப்புன்னு நிறுத்தினாங்க, அதோட சரி. நாலு மாசம் தவணை கட்டலைன்னு பைனான்ஸ்காரங்க ஆள் அனுப்பி வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் உப்பளத்துல கூலிக்கு லோடு அடிச்சேன். போராட்டத்துல பேசின தலைவருங்க ஒருத்தரும் எங்களை மாதிரி ஒப்பந்தக்காரங்க வீட்டுக்கு வந்து அடுப்பு எரியுதான்னு கேக்கல. அன்னைக்குச் சுட்டதுக்கு நானும் அழுதேன். ஆனா என் வண்டியைப் பத்தி எவனும் அழல.

கணக்குப்புலி
இதுதான் உண்மை. இவருக்குப் பதில் சொல்லுங்க முற்போக்காளர்களே.

முத்துநகர்க்காரன்
அண்ணாச்சி, உங்க வண்டி போனது எனக்குத் தாங்கல. உங்ககிட்ட எனக்குச் சண்டை இல்ல. ஆனா உங்களைக் கேடயமா எடுத்து முன்னால பிடிக்காரே இந்தப் புலி, 2018ல உங்க தவணைக்கு ஒரு ரூபா கொடுத்தாரா? ஆலையை மூடின அரசு ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலை கொடுத்திருக்கணும். அதை நாங்களும் அன்னைக்கே கேட்டோம்.

மீளவிட்டான்_டிரைவர்
கேட்டீங்களா? எந்த மேடையில? நான் ஊர்லதான இருந்தேன், ஒண்ணும் காதுல விழலியே.

செவ்வானம்
தோழர் சொல்றது சரி. நாங்க கேட்டோம், தொழிலாளர் சார்பா மனு கொடுத்தோம். ஆனா கட்சிக்கொடி உள்ளே வரக்கூடாதுன்னு போராட்டக் குழுவுல ஒதுக்கி வச்சதே முத்துநகர்க்காரன் மாதிரி ஆட்கள்தான். அமைப்பு இல்லாத போராட்டத்துல தொழிலாளி குரல் எப்படிக் கேட்கும்?

முத்துநகர்க்காரன்
வந்துட்டாரு. கொடி வேண்டாம்னு சொன்னது ஊரு. குமரெட்டியாபுரத்துல வேப்பமரத்தடியில நாள்கணக்கா உட்கார்ந்திருந்த அக்காமார் சொன்னது. ரெண்டு பெரிய கட்சி ஆட்சியிலயும் அந்த ஆலை ஓடிச்சு, எங்க சனத்துக்கு எந்தக் கொடியை நம்பத் தோணும்? போன வருசம் கூடங்குளம் இழையிலயும் நீர் இதையேதான் சொன்னீரு. அணுஉலை அரசோடதுன்னா நல்ல அணுஉலைன்னு. நான் மறக்கல.

செவ்வானம்
நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஏகாதிபத்திய உலை வேறன்னுதான் சொன்னேன். திரிக்காதீங்க.

தமிழ்த்தடம்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சிலர் தாமிரம் என்றும் சிலர் செம்பு என்றும் பேசுகிறார்கள். செம்பு என்பதே நம் சொல். பொதுவெளியில் எழுதும்போது கவனிக்கலாம்.

முத்துநகர்க்காரன்
இந்த இழையில தாமிரம்னு ஒருத்தரும் எழுதல ஐயா, உங்களைத் தவிர.

பனங்காடு
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை, பரவாயில்லை. கணக்கு பேசுகிறவருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அந்த ஆலை நம் மண்ணில் தோண்டிய தாதுவை உருக்கவில்லை. கப்பலில் வரும் தாதுப்பொடியை உருக்கிக் கூலி வாங்கும் ஆலை. அந்த உருக்குக் கூலி 2024 ஒப்பந்தத்தில் டன்னுக்கு 80 டாலர், 2025இல் 21.25 டாலர். உலகம் முழுவதும் ஆலைகள் கூடிவிட்டன, தாது போதவில்லை. இந்த நிலையில் இன்னோர் உருக்காலை நாட்டைக் காப்பாற்றும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்? லாபம் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது மாசுக் கட்டுப்பாட்டுச் செலவுதான்.

கணக்குப்புலி
கூலி குறைஞ்சா அமிலத்துல சம்பாதிப்பாங்க, கசடுல இருக்கிற தங்கம் வெள்ளியில சம்பாதிப்பாங்க. தொழில் தெரியாம பேசக் கூடாது.

பனங்காடு
தங்கமும் வெள்ளியும் கசடில் இல்லை. மின்பகுப்புத் தொட்டியின் அடியில் சேரும் சேற்றில் இருக்கின்றன. தொழில் தெரிந்தவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கணக்குப்புலி
சொல் மாறிடுச்சு, பொருள் ஒண்ணுதான். இதைப் பிடிச்சுத் தொங்காதீங்க. முக்கியமானதைக் கேளுங்க. தூத்துக்குடியில 1,050 மெகாவாட் அரசு அனல்மின் நிலையம் இருக்கு. பக்கத்துலேயே 1,000 மெகாவாட்ல இன்னொண்ணு. அந்தப் புகைபோக்கியில வர்ற கந்தக டை ஆக்சைடு உங்க மூக்குக்குத் தெரியாதா? அதை ஏன் மூடச் சொல்லலை?

முத்துநகர்க்காரன்
அதையும்தான் கேக்கோம். நீர் வந்து கூட நில்லும், சேர்ந்தே கேப்போம். வர மாட்டீரு. ஒருத்தன் பாக்கெட்ல திருடினவனைப் பிடிச்சா, "பக்கத்துத் தெருவுலயும் திருடன் இருக்கானே"ன்னு கேக்கிற ஞாயம் இது.

உப்பாறு ஓடைக்கரையில பட்டா நிலத்துல மலையாட்டம் கொட்டி வச்சிருந்த கசடு அனல்மின் நிலையத்தோடதா? 2018ல வாரியம் சொன்ன காரணத்துல அது ஒண்ணு. நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கை கொடுக்கல, ஜிப்சம் குட்டையை விதிப்படி அமைக்கல. 2020 ஆகஸ்ட் 18ல உயர் நீதிமன்றம் 800 பக்கத்துக்கு மேல எழுதி மூடினது சரின்னு சொல்லிச்சு. 2024 பிப்ரவரி 29ல உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தோட மனுவைத் தள்ளிருச்சு. இவ்வளவுக்கும் அப்புறம் நீர் "நீதிமன்றம் மாசுன்னு சொல்லவே இல்ல"ன்னு எழுதுதீரு. எங்க இருந்துவே வருது இந்தத் தைரியம்?

கணக்குப்புலி
நான் பேசினது 2013 தீர்ப்பைப் பத்தி. நீங்க 2024க்கு ஓடுறீங்க. 2013ல பதில் இல்லைன்னு ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்.

முத்துநகர்க்காரன்
ஓடினது யாரு? 100 கோடியில ஆரம்பிச்சு குஜராத், செல்போன், அனல்மின் நிலையம்னு ஊரைச் சுத்தினது நீரு. சரி, 2013க்கே வாறேன். அந்த 100 கோடியை எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு உம்மகிட்ட இருந்தே வரட்டும். பேரே கணக்குப்புலில்லா. சொல்ல மாட்டீரு, நானே சொல்லுதேன். 2010-11ல வட்டி, தேய்மானம், வரிக்கு முந்தின லாபம் 1,043 கோடி. அதுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. பெரிய நிறுவனம்னா உறைக்கிற மாதிரி இருக்கணும், அப்பத்தான் மத்தவனும் பயப்படுவான்னு காரணம் சொல்லியிருக்கு. அதைக் கலெக்டர் பேர்ல கட்டி, பாங்க்ல போட்டு, வட்டியை எடுத்துத் தூத்துக்குடி மண்ணையும் தண்ணியையும் சரிபண்ணச் சொன்னாங்க. எஃப்சி அபராதத்துல மண்ணையும் தண்ணியையும் சரிபண்ணச் சொல்லுவாங்களாவே? கெட்டுப்போகாத மண்ணை எதுக்குச் சரிபண்ணணும்?

மீளவிட்டான்_டிரைவர்
அந்த வட்டியில எந்தக் கிணத்தைச் சரிபண்ணினாங்க, எந்தத் தெருவுக்குத் தண்ணி வந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க. எங்க தெருவுல இன்னும் லாரித் தண்ணிதான்.

செவ்வானம்
அதைத்தான் மக்கள் குழு கேட்டு வாங்கணும்னு சொல்றேன். அமைப்பாத் திரளணும்.

மீளவிட்டான்_டிரைவர்
திரண்டு திரண்டுதான் அண்ணே என் வண்டி போச்சு.

கணக்குப்புலி
டிரைவர் கேட்டதுக்கு முத்துநகர்க்காரன் பதில் சொல்லாம நழுவுறார், எல்லாரும் குறிச்சுக்கோங்க. நான் மறுபடியும் சொல்றேன்: தீர்ப்பு ஆலையைத் திறக்கத்தான் சொன்னது. கேடு அவ்வளவு பெருசுன்னா நீதிபதிகள் ஏன் திறக்கச் சொல்லணும்? 2013 மார்ச் 23ல வாயுக் கசிவுன்னு ஊரே சத்தம் போட்டுச்சு. பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. அப்பவும் மூடச் சொல்லலையே! வாரியம் மூடினதைக்கூடப் பசுமைத் தீர்ப்பாயம் திறக்கச் சொல்லிடுச்சு.

முத்துநகர்க்காரன்
நான் நழுவலை. டிரைவர் அண்ணாச்சி கேட்டது கலெக்டர் ஆபீஸ் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதை நான் அவரோட சேர்ந்தே கேக்கேன். அண்ணாச்சி, நாளைக்கே மனு எழுதுவோம், நான் வாறேன்.

உமக்கு: திறக்கச் சொன்னாங்க, ஆமா. 100 கோடி இழப்பீடும் கட்டச் சொன்னாங்க. ரெண்டும் ஒரே தீர்ப்பு. நீர் முதல் பாதியை மட்டும் படிச்சிட்டு ரெண்டாம் பாதியை எஃப்சின்னு சொல்லுதீரு. ஏழாவது தடவை கேக்கேன். இழப்பு இல்லாம இழப்பீடு எதுக்கு?

கணக்குப்புலி
அனுமதி இல்லாம ஓட்டினதுக்கும் சேர்த்து. எட்டாவது தடவை சொல்றேன்.

முத்துநகர்க்காரன்
"சேர்த்து"ன்னா வேற எதோட சேர்த்து? அந்த வேற எதுன்னு ஒரு சொல் எழுதும். ஒரே ஒரு சொல்.

கணக்குப்புலி
தீர்ப்பை நீங்களே படிங்க. நான் உங்களுக்கு வாத்தியார் இல்லை.

தமிழ்த்தடம்
இழப்பீடு, நட்ட ஈடு இரண்டும் ஒன்றா என்று தனி இழை தொடங்கியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் அங்கே வரலாம்.

முத்துநகர்க்காரன்
நான் இங்கதான் இருக்கேன். அந்த ஒரு சொல் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.