கேரம் போர்டை மேலிருந்து டிவியில் காட்டுகிறோம்: படம் தாமதமாக வருகிறது, விளக்கொளி கூசுகிறது. உதவுங்கள்

புதுவண்ணை கேரம்:
புதுவண்ணாரப்பேட்டையில் மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு கேரம் சொல்லித் தருகிறோம். எங்கள் பகுதிப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதிலிருந்து பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். ஆனால் எங்களிடம் நல்ல போர்டு ஒன்றுதான் உண்டு. நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். ஸ்ட்ரைக்கர் காயினில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்காமல் கட் ஷாட்டை, அதாவது காயினின் ஓரத்தில் அடித்துப் பக்கவாட்டில் அனுப்புவதை, எப்படிக் கற்றுக்கொள்வது?

ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த 43 இஞ்ச் எல்இடி டிவியைத் தந்தார். போனை மேலே கம்பியில் கட்டி, வைஃபை வழியாக டிவியில் காட்டுகிறோம். அடித்த சத்தம் கேட்ட பிறகுதான் டிவியில் ஸ்ட்ரைக்கர் நகர்கிறது. படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. எல்லாவற்றையும் விட மோசம், போர்டு நடுவில் விளக்கு வெள்ளையாகப் பிரதிபலித்து சிவப்புக் காயினையே மறைத்துவிடுகிறது. அதிகம் செலவில்லாத வழி இருந்தால் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை டிவி மெக்கானிக்:
தம்பி, வைஃபையில் தாமதம் வரத்தான் செய்யும். போன் படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், டிவி அதை விரிக்க வேண்டும். கேபிள் போட்டால் தீரும். ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் சார்ஜர் துளை வழியாகப் படம் வெளியே வராது, அதனால் கேபிள் வாங்குமுன் உங்கள் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பழைய சிசிடிவி கேமராவும் அதன் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் போதும். பெட்டியில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ இருக்கும், நேராக டிவியில் சொருகலாம். 3.6 மி.மீ. லென்ஸ் என்றால் போர்டுக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். 2.8 வேண்டாம், போர்டின் ஓரம் வளைந்து தெரியும். டிவி மெனுவில் கேம் மோடு இருந்தால் போட்டுவிடுங்கள், இன்னும் கொஞ்சம் தாமதம் குறையும்.

பட்டை ஓடுவது விளக்கால். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவில் 50 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் நின்றுவிடும். சிசிடிவி என்றால் கேமராவிலேயே உள்ள இரவு விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

கொண்டித்தோப்பு ஆரி:
வெளிச்சம் கூசுவதற்கு எனக்கு வழி தெரியாது. ஆனால் பழைய டிவியை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதால் சொல்கிறேன். பேனல் உடைந்த டிவி ஒன்றில் கண்ணாடியை எடுத்துவிட்டு, பின்விளக்கையும் அதன் மேலுள்ள வெள்ளைத் தாள்களையும் மட்டும் வைத்து, மேலே தடித்த கண்ணாடி போட்டு மேசையாக்கியிருக்கிறோம். ரவிக்கை டிசைனை அதில் வைத்துத்தான் படியெடுக்கிறேன். வெளிச்சம் மூலை வரை ஒரே சீராக இருக்கும். எடுத்த கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டியிருக்கிறது. அது எதற்காவது ஆகுமா அண்ணா?

தண்டையார்பேட்டை டிவி மெக்கானிக்:
அதுதான் போலரைசர், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். தம்பி, உங்கள் கூச்சத்துக்கு மருந்து அதில்தான் இருக்கிறது.

எல்சிடி பேனலின் முன்னும் பின்னும் ஒவ்வொரு பிலிம் ஒட்டியிருக்கும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும்தான் அது விடும். ஒன்றின் மேல் இன்னொன்றைக் குறுக்கே வைத்தால் இருட்டாகிவிடும். இப்போது ஒரு துண்டை விளக்கின் முன்னால் பிடியுங்கள், இன்னொன்றை லென்ஸ் முன்னால் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். பாலிஷில் பட்டு நேராகத் திரும்பும் ஒளி அதே திசையில்தான் அதிரும், அதனால் லென்ஸில் உள்ள பிலிம் அதைத் தடுத்துவிடும். மரத்துக்குள்ளும் காயின் மேலும் பட்டுச் சிதறும் ஒளியின் திசை கலைந்துவிடும், அதில் பாதி உள்ளே வரும். கூச்சம் போய் காயின் நிற்கும்.

லென்ஸில் மட்டும் போட்டால் பெரிய பலன் இருக்காது. கண்ணாடி ஜன்னலைச் சாய்வாகப் பார்க்கும்போது அது உதவும், நேர் மேலிருந்து பார்க்கும்போது உதவாது.

முன்பக்க பிலிம் பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும், அதை விளக்குக்கு வையுங்கள். லென்ஸுக்குத் தெளிவான துண்டு வேண்டும். குண்டு பல்பின் சூட்டில் பிலிம் கெட்டுவிடும், எல்இடி பல்புதான் சரி. உரிக்கும்போது கண்ணாடி தெறிக்கும், கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். டிவிக்குள் இருக்கும் பவர் போர்டில் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கிற வோல்ட் நிற்கும். உரிக்கப் பயமாக இருந்தால் ரிச்சி தெருவில் பேனல் வேலை செய்கிற கடைகளில் புது ஷீட் கேட்டுப் பாருங்கள்.

புதுவண்ணை கேரம்:
ரொம்ப நன்றி அண்ணா. ஆரி அக்கா அந்தக் கண்ணாடியையே தந்துவிட்டார், பிலிமை உரித்து மாட்டிவிட்டோம். சிசிடிவியும் பழையது ஒன்று கிடைத்தது. பவுடர் படிந்த இடம் வரை டிவியில் தெரிகிறது. ஒரு பெண் தான் அடித்த ஷாட்டைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, ஸ்ட்ரைக்கரை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். எனக்கு இதை விட வேறொன்றும் வேண்டாம்.

இரண்டு சந்தேகம் மீதி. படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அப்புறம், மாலை முழுக்க ஒரே கோடும் வட்டமும் நின்றால் திரையில் தழும்பு விழுமா?

தண்டையார்பேட்டை டிவி மெக்கானிக்:
விளக்கு பிலிமிலேயே பாதிக்கு மேல் ஒளி போய்விடும், மிஞ்சியதிலும் பாதிக்கு மேல் லென்ஸ் பிலிமில் போகும். எல்இடி பல்பின் வாட்டை இரண்டு மூன்று மடங்கு கூட்டுங்கள். பல்புக்கும் பிலிமுக்கும் நடுவில் ஒரு கை அகலம் காற்றுப் போக இடம் விடுங்கள். தழும்பு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்குத்தான் பெரிய பயம். எல்இடி டிவி என்றாலும் உங்களுடையது எல்சிடி திரைதான், பின்விளக்கு மட்டும்தான் எல்இடி, கவலை வேண்டாம். பிரைட்னஸை மட்டும் நடுவில் வையுங்கள், பின்விளக்கு நாள்பட வரும். கடல் காற்று வருகிற இடம் என்பதால் டிவியின் பின்பக்கத் துளைகளை ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள், உப்பு டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை அரித்துவிடும்.